பக்கத்தில் இருக்கிற லாரி

“அலோ, லாரி சர்வீஸா? ஒரு லாரி வேணும்.”

“சொல்லுங்க மேடம். எங்கேர்ந்து எங்க போகணும்?”

மனோரமா இதை யோசித்து வைக்கவில்லை. லாரி வர வேண்டும் என்பது வரைக்கும்தான் அவளுடைய திட்டம். வந்த லாரி திரும்பிப் போக வேண்டும் என்ற ஆசையே அவளுக்கு இல்லாததால், அது எங்கே போக வேண்டும் என்பதையும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

“தோணிரேவு. பழவேற்காட்டாண்ட. அங்கேர்ந்து... சேலம்.”

சேலத்தை அவள் பார்த்ததில்லை. வாயில் வந்த ஊர் அது.

“என்ன லோடு மேடம்?”

மனோரமா சுற்றும் முற்றும் பார்த்தாள். வாசலில் பழைய வலையை விரித்து, அதன்மேல் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு காக்கா தள்ளி உட்கார்ந்து அவளையே கவனித்துக்கொண்டிருந்தது.

“கருவாடு.”

“எத்தனை டன் இருக்கும்?”

வலைமேல் இருந்தது இரண்டு கூடைக்குக்கூடக் காணாது. “அது கீது நெறைய,” என்றாள்.

“பதினாலடி வண்டி போதுமா?”

“பதினாலடிதாம்மா வேணும். நீலக் கலரு. பின்னாடி ‘கலைவாணி’ன்னு எழுதியிருக்கும். டிரைவரு பேரு மோகன்குமாரு. வண்டியும் அவருதுதான். அந்த வண்டியே அனுப்பிடு.”

“அப்படிக் கேட்டு வாங்க முடியாது மேடம். பக்கத்துல எந்த லாரி இருக்கோ அதைத்தான் சிஸ்டம் அனுப்பும். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வண்டி வந்துடும். கூப்பிட்டதுக்கு நன்றி. என் பேர் நந்தினி.”

அந்தப் பேரை மனோரமாவுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான்கு மாதமாக அவள் புருஷன் போனில் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம், “இரு மனோ, நந்தினி லைன்ல வருது,” என்று வைத்துவிடுகிறான். முதல் மாதத்தில் அவள் அந்த நந்தினியைப் பற்றி வேறு மாதிரிகூட நினைத்துப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண் எல்லா டிரைவர்களையும் இப்படித்தான் விரட்டுகிறாள் என்று தெரிந்ததும் சந்தேகம் போய்விட்டது. எரிச்சல் மட்டும் தங்கிவிட்டது.

இதில் பெரிய வேதனை, மோகன்குமாரை அந்தச் சர்வீஸில் சேர்த்துவிட்டதே மனோரமாதான்.

அவன் தன் லோடைத் தானே தேடிக்கொண்டிருந்த ஆள். பழவேற்காட்டில் இறால் ஏற்றினால் மாதவரத்தில் இறக்குவான். அதற்கப்புறம் லாரி ஸ்டாண்டில் உட்கார்ந்து, டீ குடித்து, சீட்டு விளையாடி, யாராவது “மீஞ்சூருக்கு ஒரு லோடு கீது” என்று சொல்லும்வரை காத்திருப்பான். சில சமயம் இரண்டு நாள் ஆகிவிடும்.

“அந்த ரெண்டு நாளு நீ ஊட்ல கீலாம் இல்ல?” என்று மனோரமா கேட்டாள். “சர்வீஸ்ல சேந்தா போன்லயே லோடு சொல்லிடுவாங்களாம். ஒரு நிமிசம் காத்துக்கினு கெடக்க வேணாம். எறக்கின எடத்துலயே ஏத்திக்கினு நேரா வந்துடலாம்.”

“எவளோ ஒருத்தி போன்ல அங்க போ, இங்க போன்னா, அந்தண்ட இந்தண்ட ஓட நான் இன்னா டவுன் பஸ்ஸா? எம் வண்டிக்கு நான் ஓனருமே.”

“ஓனரு ஸ்டாண்டுல குந்திக்கினு சீட்டாடுறாரு. நான் இங்க ஒத்தையா குந்திக்கினு கீறேன்.”

அந்த ஒரு வார்த்தைக்கு அவன் விழுந்துவிட்டான். மகள் கலைவாணி நர்சிங் படிக்கச் சென்னை விடுதிக்குப் போன வருஷம் அது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் தடவையாக வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்க வேண்டிய காலம். மனோரமா அதற்கென்று ஒரு புதுப் பாய்கூட வாங்கி வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. புதுப் பாய் எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

சர்வீஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஒரு நிமிஷம்கூட அவனைக் காக்க வைக்கவில்லை. சென்னையில் இறக்கினால் வேலூருக்கு லோடு. வேலூரில் இறக்கினால் ஓசூருக்கு. ஓசூரிலிருந்து கடப்பா, கடப்பாவிலிருந்து நெல்லூர், நெல்லூரிலிருந்து மறுபடியும் வேலூர். வண்டி எங்கேயும் காலியாக நிற்பதே இல்லை. காலியாகக் கிடந்தது தோணிரேவில் அந்த வீடு மட்டும்தான்.

“எங்க ஊரு பக்கமா ஒரு லோடு போட்டுக் குடும்மா,” என்று அவனும் நந்தினியைக் கெஞ்சிப் பார்த்தான்.

“உங்க ஊர்லேர்ந்து யாரும் லோடு போடறதில்லையே சார். போட்டா அனுப்ப மாட்டேனா?”

இதை அவன் போனில் வருத்தமாகச் சொன்னபோதுதான் மனோரமாவுக்கு அந்த யோசனை வந்தது. யாரும் போடவில்லையென்றால் நாம் போடுவோம்.

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, பூ வைத்து, ஏரி நண்டு வாங்கி மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு கொதிக்க வைத்தாள். ‘பக்கத்துல இருக்கிற லாரி’ என்று அந்தப் பெண் சொன்னது அவள் காதில் விழாமல் இல்லை. ஆனாலும் கடவுள் என்று ஒருவர் இருக்கிறார் அல்லவா?

பத்து மணிக்கு ஊர் முனையில் ஆரன் சத்தம் கேட்டது. மனோரமா ஈரக் கையோடு ஓடினாள். ஒரு பச்சை லாரி நின்றது. அதிலிருந்து தலை நரைத்த ஒருவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

“எம் பேரு சந்தியாகு. எண்ணூரு. லோடு எங்கம்மா?”

“கருவாடு இன்னும் காயலண்ணா.”

சந்தியாகு கொஞ்ச நேரம் யோசித்தார். “காயலன்னா அது மீனுதானேம்மா? ஐஸப் போட்டு ஏத்திக்கலாமே.”

வழி தெரியாத நேரத்தில் மனோரமா வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். இலையைப் போட்டாள். சந்தியாகு மூன்று நண்டு சாப்பிட்டார். ஓட்டைக் கடித்து உறிஞ்சி, கண்ணை மூடி, “எத்தினி நாளாச்சு ஊட்டு சாப்பாடு சாப்ட்டு,” என்றார். அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று மனோரமாவைத் திட்ட விடாமல் செய்துவிட்டது. மீதிக் குழம்பைத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தாள்.

பச்சை லாரி வெறுமனே திரும்பிப் போனது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன் போட்டாள். இந்தத் தடவை விவரமாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

“எங்க லோடு ஒரு மாதிரியான லோடும்மா. எல்லா டிரைவருக்கும் ஒத்து வராது.”

“என்ன மாதிரி டிரைவர் வேணும் மேடம்?”

“நாப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும். இந்தப் பக்கத்து ரோடு தெரிஞ்சிருக்கணும். தெலுங்கும் பேசணும். நல்ல உசரம். மீசை வெச்சிருப்பாரு. எடது புருவத்தாண்ட ஒரு தழும்பு இருக்கும், சின்ன வயசுல துடுப்பு பட்டது. சிரிச்சா ஒரு பக்கமாதான் சிரிப்பாரு...”

சொல்லச் சொல்ல மனோரமாவின் குரல் தானாகவே இறங்கிவிட்டது. அவன் அந்த ஒரு பக்கச் சிரிப்பைச் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று அவள் மனசு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

நந்தினி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“மேடம், நீங்க கேக்கறது லாரியா, மாப்பிள்ளையா?”

மனோரமா பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் அதிர்ஷ்டம் தானாகவே வந்தது. மோகன்குமார் போன் பண்ணி, “எங்க கீறேன் சொல்லு பாக்கலாம்? சூலூர்ப்பேட்டையில லோடு எறக்கிட்டு வெளிய வந்துட்டேன். ரோட்டோரம் நிறுத்திட்டு டீ குடிக்கிறேன். இங்கேர்ந்து பாத்தா நம்ம ஏரி தெரியுதுமே. பூநாரைங்க செவசெவன்னு நிக்குது. தண்ணிக்கு அந்தண்ட நம்ம ஊரு,” என்றான்.

ஏரியின் இந்தக் கரையில் மனோரமா வெளியே ஓடி வந்து வடக்கே பார்த்தாள். தண்ணீரும் வெயிலும்தான் தெரிந்தன. ஆனாலும் அதே ஏரி. அவன் பார்க்கிற தண்ணீரையேதான் அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, அங்கயே இரு. நவுராத. ரெண்டு நிமிசத்துல கூப்புடறேன்.”

வைத்துவிட்டு சர்வீஸுக்கு அடித்தாள். நல்ல காலம், வேறொரு பெண் எடுத்தாள். “தோணிரேவுக்கு ஒடனே ஒரு லாரி. அவசரம். கருவாடு காஞ்சிடுச்சு.”

“பக்கத்துலயே ஒரு வண்டி காலியா இருக்கு மேடம். இப்பவே டிரைவருக்குச் சொல்லிடறோம்.”

மனோரமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்வதற்கு அவளுக்கு இருந்த ஒரே ஆள் மோகன்குமார்தான். அவனையே கூப்பிட்டாள். விஷயத்தைச் சொல்லிவிட்டால் திட்டுவானோ என்று அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பேசினாள். கலைவாணி ஊசி போடக் கற்றுக்கொண்டது, முகத்துவாரத்தில் மண் மேடிட்டுப் போனது, கிணற்றடி முருங்கை காய்த்தது. அவனும் விடாமல் பேசினான். கடப்பா ஓட்டலில் சாம்பார் இனிக்கிறது என்றான். ஓசூரில் குளிர் தாங்கவில்லை, நீ கொடுத்த போர்வையைப் போர்த்திக்கொண்டேன், அதில் இன்னும் நம் வீட்டு வாசனை இருக்கிறது என்றான். நான்கு மாதத்தில் அவர்கள் இப்படிப் பேசியதே இல்லை. இருபது நிமிஷம் போனது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மத்தியானம் ஆரன் சத்தம் கேட்டது. மனோரமா ஓடிப் போனாள். மஞ்சள் லாரியிலிருந்து வேணு என்று ஒரு டிரைவர் இறங்கி, “லோடு எக்கடம்மா?” என்றார்.

அவருக்கு இலை போட்டுவிட்டு உள்ளே வந்து சர்வீஸைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை நந்தினியே எடுத்தாள்.

“இன்னும் பக்கத்துல ஒரு வண்டி இருந்துச்சேம்மா?”

“இருந்துச்சு மேடம். முதல்ல அந்த டிரைவருக்குத்தான் போட்டோம். இருபது நிமிஷமா லைன் பிஸி. வேலை நேரத்துல யார்கிட்டயோ கதை பேசிட்டே இருந்தார். அதனால அடுத்த வண்டிக்கு மாத்திட்டோம்.”

மனோரமா போனைக் கீழே வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் வேணு இன்னொரு துண்டு மீன் கேட்டார்.

அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பாமல் இருக்குமா? எதிர்வீட்டு அம்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். மீன் ஏலம் எடுக்கிறவள். அவள் சாதாரணமாகப் பேசினாலே பத்து வீட்டுக்குக் கேட்கும்.

“இன்னாடி மனோ, ஊட்டாண்ட லாரி ஸ்டாண்டு தொறந்துட்டியா? வாரத்துக்கு ஒரு கலரு வந்து நிக்குது. எவனும் ஒரு மூட்ட ஏத்தினதா காணோம். எல்லாம் வயித்த ரொப்பிக்கினுதான் போறானுங்க.”

மனோரமா வலைமேல் கிடந்த நெத்திலியைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள்.

உண்மையான இடி அடுத்த நாள் விழுந்தது. மோகன்குமார் நெருப்பாகப் பேசினான்.

“மனோ, சங்கதி தெரியுமா? நந்தினியாண்ட நம்ம பக்கம் லோடு கேட்டேன். முடியாதுன்னுட்டா. நம்ம ஊர்ல எவளோ ஒருத்தி பொய் லோடு போடறாளாம். வண்டி வந்தா லோடு இல்லன்றாளாம். அதனால தோணிரேவுன்னாலே இனிமே வண்டி அனுப்பக் கூடாதுன்னு எழுதி வெச்சிட்டாங்களாம். எனக்கு வர இருந்த ஒரு வழியும் பூட்ச்சி. அவ மட்டும் எங்கைல கெடச்சா...”

“கெடச்சா?” என்று மனோரமா சின்னக் குரலில் கேட்டாள்.

“நாலு கேள்வி கேக்க மாட்டேன்? எம் பொண்டாட்டி அங்க தனியா கீறாடி, உன்னாலதான் நான் ஊட்டுக்குப் போவ முடியலன்னு கேக்க மாட்டேன்?”

மனோரமா முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள். அது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

“அவளுக்கு இன்னா கஷ்டமோ மாமா.”

“இன்னா பெரிய கஷ்டம்? கொழுப்பு. விசாரிச்சு வையி யாருன்னு.”

“விசாரிக்கிறேன்.”

“இரு, நந்தினி லைன்ல...”

அன்றைக்குச் சாயங்காலம் மனோரமா நேராக அம்மணி வீட்டுக்குப் போனாள். விசாரிப்பதற்கு அல்ல, ஒப்புக்கொள்வதற்கு. பாதி சொல்வதற்குள் அழுதுவிட்டாள். அம்மணி முழுதும் கேட்டாள். பிறகு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள்.

“பைத்தியக்காரி. பொய் லோடு போட்டா பொய்யாத்தான் வரும். நெசமா ஒரு லோடப் போடு.”

“நெசத்துக்கு எங்கக்கா போவேன்?”

“ஊர்ல எத்தினி வாசல்ல கருவாடு காயுது? எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டு. திருவண்ணாமலையில எனக்கு ஒரு யாவாரி கீறான், கேட்டுக்கினே கெடக்கறான். எம் போன்ல, எம் பேருல போடு. ஊரு தோணிரேவுன்னு சொல்லாத, பழவேற்காடுன்னு சொல்லு.”

மூன்று நாளில் பதினெட்டு மூட்டை சேர்ந்தது. வாளை, நெத்திலி, காரப்பொடி என்று வகைக்கொன்றாக மூட்டைகள் மனோரமாவின் வாசலில் ஏறின. ஊரே மணத்தது. எந்தப் பெண்ணும் எதற்கு என்று கேட்கவில்லை. மெதுவாகப் பேசுகிற பழக்கம் அம்மணிக்கு ஒருநாள்தான் தாங்கியது என்பதால், எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

அம்மணி போன் போட்டாள். “பதினெட்டு மூட்ட கருவாடு. நெசமான கருவாடு. போட்டோ எடுத்து அனுப்பட்டா? ஆனா வண்டி மோகன்குமாரு வண்டிதான் வரணும். எங்க சரக்கு அந்தாளு கைக்குத்தான் அடங்கும்.”

நந்தினி சந்தோஷப்பட்டாள். “அவரா? அவர் பாவம், அந்தப் பக்கம் லோடு கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சு போயிட்டார் மேடம். ஓசூர்ல இறக்கியிருக்கார். சிஸ்டத்தை விடுங்க, வேற லோடு ஒண்ணும் குடுக்காம நானே அவரைக் காலியா வரச் சொல்லிடறேன். நாளைக்குப் பகல் பன்னிரண்டுக்குள்ள வந்துடுவார்.”

ஐந்து நிமிஷத்தில் மனோரமாவின் போன் அடித்தது.

“மனோ! கெடச்சிடுச்சிமே! நம்ம ஊரு லோடு! யாரோ அம்மணியாம். நம்ம எதிர்வூட்டு அம்மணியா?”

“தெரியலியே மாமா.”

“யாரா இருந்தா இன்னா, கால்ல வுழுந்து கும்புடுவேன். கேளு, நண்டு வாங்கி வையி. ஏரி நண்டு. அப்பாலிக்கா...”

“மாமா, பேசாத. வெச்சிடு.”

“இன்னாமே, இத்தினி நாளு கழிச்சு...”

“லைன் பிஸியாப் பூடும். வந்து பேசிக்கலாம். வெச்சிடு!”

அவளே வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவன் இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. போனை அரிசிப் பானைமேல் வைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்து, திரையில் அவன் பேர் வந்து வந்து அணைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எடுக்காமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு, கல்யாணத்துக்கு முன்னால்கூட அவனுக்காக அவள் பட்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் வீட்டைக் கழுவினாள். மகள் விடுதியிலிருந்து போன் பண்ணி, “நைனா வந்துட்டாராம்மா?” என்றாள். “வந்துக்கினே கீறாரு, நீயும் வெய்யி,” என்று அவளையும் விரட்டினாள். புதுப் பாயைப் பரணிலிருந்து இறக்கி, வெயிலில் உதறி, யாரும் பார்ப்பதற்குள் உள்ளே கொண்டுபோனாள். நண்டுக் குழம்பு கொதித்தது. அம்மணியும் நாலைந்து பெண்களும் மூட்டை ஏற்றிக் கொடுக்கிற சாக்கில் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வருகிற மாதிரிதான் இருந்தது.

பதினொன்றரை மணிக்கு ஆரன் கேட்டது. பெண்கள் எல்லோரும் மனோரமாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் ஓடவில்லை. இந்தத் தடவை நிதானமாக, தலையைத் தடவிக்கொண்டு, நடந்து போனாள்.

சிவப்பு லாரி.

அதிலிருந்து இறங்கியவனுக்கு நாற்பது வயசு இருக்கும். தாடி நாலு நாள் தாடி. முகம் செத்துப் போயிருந்தது.

“சாம்சன்,” என்றான். “கருவாடு லோடு இங்கதானா?”

அம்மணிக்கு வந்த கோபத்தில் கரையில் நின்ற கொக்கெல்லாம் பறந்தது. நந்தினியைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினாள். “இன்னாம்மா இது? மோகன்குமாருன்னு சொல்லிட்டு எவனையோ அனுப்பி வெச்சிருக்க?”

“மேடம், மன்னிச்சுக்கோங்க. மோகன்குமார் சார் வந்துட்டுதான் இருந்தார். காலையில ஒரு மாத்தல் ஆயிடுச்சு. வாணியம்பாடியில ஒரு லோடுக்கு இந்த சாம்சன் வண்டியைப் போட்டிருந்தோம். இவர் செங்குன்றத்துல இருந்தார், உங்களுக்குப் பக்கம். மோகன்குமார் சார் வாணியம்பாடிக்குப் பக்கத்துல வந்துட்டிருந்தார். சிஸ்டம் பார்த்துச்சு, இவரை அங்கயும் அவரை இங்கயும் அனுப்பறதுக்குப் பதிலா ரெண்டு வண்டியையும் மாத்திடுச்சு. ரெண்டு பேருக்கும் டீசல் மிச்சம் மேடம்.”

அம்மணி கத்துவதை நிறுத்தினாள். போனை அணைத்துவிட்டு மற்றப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மூட்டை ஏற்றப் போய்விட்டாள்.

மனோரமா புருஷனைக் கூப்பிட்டாள். லைன் பிஸி. மறுபடியும் கூப்பிட்டாள். பிஸி. அந்த நேரத்தில் அவனும் அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை. போனை ஓரமாகப் போட்டாள்.

சாம்சன் முருங்கை நிழலில் நின்றான். “தண்ணி கெடைக்குமாம்மா?”

“சாப்ட்டே போங்க,” என்றாள் மனோரமா. வேறு யாருக்கு அந்த நண்டு?

இலையில் சோறு விழுந்தது. அவன் பிசைந்தானே தவிரச் சாப்பிடவில்லை.

“உப்பு பத்தலியா?”

“அய்யோ, நல்லா இருக்கும்மா. எனக்குத்தான் எறங்கல.” பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நேத்து வரைக்கும் நான் ஊட்டுக்குப் போறதாத்தான் இருந்துச்சு. ரெண்டரை மாசம் ஆச்சு. காலைல மாத்திட்டாங்க. ஊட்ல போன் பண்ணிச் சொல்லக்கூட தெம்பு இல்ல.”

அதைக் கேட்டதும் மனோரமாவுக்கு அதுவரை பிடித்து வைத்திருந்தது எல்லாம் உடைந்துவிட்டது. முன்பின் தெரியாத அந்த ஆளின் எதிரில் உட்கார்ந்து, கையில் குழம்புக் கரண்டியோடு, அத்தனையும் சொல்லிவிட்டாள். சேலத்துக்கு இல்லாத கருவாட்டை அனுப்பக் கேட்டது, சந்தியாகு நண்டு தின்றது, வேணு மீன் கேட்டது, ஏரிக்கு அந்தப் பக்கத்தில் அவன் நின்றபோது இருபது நிமிஷம் பேசியே அவனைத் தொலைத்தது, எல்லாம்.

“நான்தான் அவர சர்வீஸ்ல சேத்து வுட்டேன். சீட்டாடிக்கினு இருந்தாலும் வாரத்துல மூணு நாளு ஊட்டுக்கு வந்தாரு. பொய் லோடு போட்டு உங்க மாதிரி எத்தினி டிரைவருங்க பொழப்பக் கெடுத்தேன். என்னை மாதிரி ஒரு பைத்தியக்காரிய நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க.”

சாம்சன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. இடது கையால் எடுத்துப் பெண்டாட்டி பேரைப் பார்த்ததும் எழுந்து முருங்கை மரத்தடிக்குப் போய்விட்டான்.

“சொல்லு சூசை... அழாத... இன்னா சொல்ற?... எந்த வண்டி?... நீலக் கலரா?”

அதற்கப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு அவன் முதுகையே பார்த்தார்கள்.

போனை வைத்துவிட்டு அவன் திரும்பி வந்தான். அழுவதற்கும் சிரிப்பதற்கும் நடுவில் எங்கேயோ நின்றது அவன் முகம். வந்து, இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பெரிய கவளமாக உருட்டி வாயில் போட்டுக்கொண்டான். மென்று விழுங்கிவிட்டுச் சொன்னான்:

“ஒங்க ஊட்டுக்காரரு இப்ப வாணியம்பாடில எங்க ஊட்ல குந்திக்கினு ரெண்டாவது தபா சோறு வாங்கி சாப்பிட்றாராம்மா. என்னை வரவழைக்கத்தான் எம் பொண்டாட்டியும் இல்லாத புளிக்கு லாரி கேட்டிருக்கா.”